சாய்ந்த மரவேலி: பிடுங்கிப் போடாமல் நிமிர்த்துவது எப்படி

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து தண்ணீர் வடிந்த பிறகு பாருங்கள். வடசென்னையில் பெரம்பூரின் பழைய ஓட்டு வீடுகள், மாதவரம், மணலிப் பக்கத்துத் தோட்ட வீடுகள், திருவொற்றியூர், எண்ணூர் கடலோர மனைகள் என்று மரவேலி போட்ட இடங்களில் இரண்டு மூன்று கால்களாவது தெருப் பக்கம் சாய்ந்து நிற்கும். ஆளைக் கூப்பிட்டுக் காட்டினால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "இது வேலைக்கு ஆவாது சார். மொத்தமா எடுத்துட்டு ஹாலோ பிளாக்குல காம்பவுண்டு ஏத்திடலாம்."

உடனே தலையாட்டிவிடாதீர்கள். சாய்ந்த வேலியில் பொதுவாகக் கெட்டுப்போயிருப்பது தரைமட்டத்தை ஒட்டிய ஒரு சாண் மரம்தான். அதற்கு மேலே காலும் குறுக்குச் சட்டமும் பலகையும் உறுதியாகவே இருக்கும். பழைய வீட்டு வேலி தேக்கு மரமாக இருந்தால், இன்று மரக்கடையில் கிடைக்கும் இளமரத்தைவிட அது எவ்வளவோ மேல். அதைப் பிடுங்கி விறகுக்குப் போடுவதைப் பார்த்தால் எனக்கு மனசு ஆறாது. காலுக்கு மட்டும் வைத்தியம் பார்த்தால் அதே வேலி இன்னும் பல வருடம் நிற்கும். கடப்பாரையே பிடித்திராதவர்கூட, கூட ஒரு ஆள் இருந்தால், இதைச் செய்துவிடலாம்.

அந்த ஒரு சாண் மட்டும் ஏன் கெடுகிறது என்று தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் எளிது. மரத்தை அழுக வைப்பது பூஞ்சை. அதற்கு ஈரமும் வேண்டும், காற்றும் வேண்டும். தரைக்கு மேலே மரம் சீக்கிரம் காய்ந்துவிடுகிறது, ஆழத்தில் காற்று குறைவு. இரண்டும் சேர்ந்து கிடைப்பது மண்ணின் மேல்மட்டத்தில்தான். சென்னைக்கு வருடத்தில் ஏறக்குறைய 140 செ.மீ. மழை. அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டிவிடுகிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வடசென்னையின் பல தெருக்களில் நாள்கணக்கில் தண்ணீர் நின்றதே, அந்த மாதிரித் தண்ணீர் மண்ணை இளக்கிவிடும். ஆனால் மரத்தைத் தின்பது, வடிந்த பிறகு மாதக்கணக்கில் காலைச் சுற்றித் தங்கும் ஈரம். ஆகவே கீழே சொல்லும் எல்லாவற்றுக்கும் நோக்கம் ஒன்றுதான்: மரமும் ஈர மண்ணும் தொட்டுக்கொண்டே இருக்கக் கூடாது.

வேலைக்கு நல்ல காலம் தை, மாசி. மண்ணில் கொஞ்சம் ஈரம் மிச்சமிருப்பதால் தோண்ட வரும், மழையும் குறுக்கிடாது. சித்திரையில் வியாசர்பாடி, கொடுங்கையூர்க் களிமண்ணைத் தோண்டிப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

முதலில் ஆட்டிப் பாருங்கள்

ஒவ்வொரு காலாகத் தலையைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டுங்கள். கை மேலே இருக்கட்டும், கண் அடியில் இருக்க வேண்டும். இன்னொருவர் ஆட்ட, நீங்கள் குனிந்து பார்ப்பது இன்னும் நல்லது.

கால் வளையாமல் அப்படியே ஆடி, சுற்றிலும் மண் வாய் பிளந்தால், மரம் நல்ல மரம், பிடிமானம்தான் போயிருக்கிறது. மண் அசையாமல் கால் மட்டும் தரைமட்டத்தில் மடங்கினால், அங்கே அழுகிவிட்டது. காலோடு ஒட்டிய கான்கிரீட் கட்டியும் சேர்ந்து ஆடினால், கட்டி சிறியது அல்லது ஆழம் போதாது. கால் அசையாமல் பலகைகள் மட்டும் ஆடினால், சட்டத்தின் ஆணிகள் துருப்பிடித்து விட்டுப்போயிருக்கும், தோண்டவே தேவையில்லை.

அடுத்து, காலைச் சுற்றி அரை அடிக்கு மண்ணை விலக்கிவிட்டு ஒரு பழைய ஸ்க்ரூ டிரைவரால் குத்துங்கள். இந்தச் சோதனையைத் தவிர்க்கவே வேண்டாம். நல்ல மரத்தில் முனை ஒரு நூல்கூட இறங்காது, கை அதிரும். அழுகிய மரத்தில் மெதுவாகத் தள்ளினாலே உள்ளே போகும். வெளியே இழுத்தால் பழுப்பு நிறத்தில் ஈரத்தூள் ஒட்டிக்கொண்டு வரும். சில இடங்களில் மரம் சின்னச் சின்னக் கட்டங்களாக வெடித்து, விரலால் நசுக்கினால் பொடியாகும். கரையான் தின்றிருந்தால் மேல்தோல் அழகாக இருக்கும், தட்டினால் பொட்டென்று கூடு மாதிரிச் சத்தம் வரும், குத்தினால் உள்ளே மண் இருக்கும். நான்கு பக்கமும் குத்துங்கள். ஒரு பக்கம் நன்றாக இருந்து மறுபக்கம் போயிருப்பது சாதாரணம்.

பார்க்கப் பார்க்கச் சாக்பீஸால் காலிலேயே எழுதிவிடுங்கள்: 'இளகல்', 'அழுகல்', 'ஆணி'. கடைக்குப் போகும்போது எத்தனை கால், என்ன சாமான் என்பதில் குழப்பமே வராது. குறுக்குச் சட்டமும் பெரும்பாலான பலகைகளும் குத்தினால் பொடியாகிற நிலையில் இருந்தால் மட்டும் புது வேலியை யோசியுங்கள். கால்கள் மட்டும் போயிருந்தால், எத்தனை போயிருந்தாலும், அது சரிசெய்யக்கூடிய வேலிதான். சவுக்குக் கட்டையைக் கால் நட்டிருந்தால் ஒன்று விடாமல் அழுகியிருக்கக்கூடும். சவுக்கு வெளியே நன்றாக உழைக்கும், மண்ணுக்குள் சில வருடங்களுக்கு மேல் தாங்காது.

தோண்டும் முன்

பக்கத்து வீட்டாரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். "அண்ணே, நாளைக்கு வேலியை நிமுத்தப் போறோம், உங்க பக்கம் கொஞ்சம் மண்ணு விழும்" என்றால் போதும். வேலி நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும். கடைசிக் கால் இரண்டும் நேராக இருந்தால், தோண்டுவதற்கு முன்பே அவற்றுக்கு இடையே நூல் கட்டிவிடுங்கள். ஒரு சாண் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் நகர்ந்து அதனால் வரும் சச்சரவு வேலியைவிடச் செலவு வைக்கும்.

அதைவிட முக்கியம், மண்ணுக்குள் என்ன போகிறது என்பது. சென்னையில் பல தெருக்களில் மின்சாரம் தரைக்கடியில்தான் வருகிறது. தெருவோர பில்லர் பாக்ஸில் இருந்து உங்கள் மீட்டர் பெட்டிக்கு வரும் கேபிள் வேலியைக் கடந்தே ஆக வேண்டும். மெட்ரோ வாட்டர் குழாய், சம்ப்புக்குப் போகும் குழாய், சாக்கடை இணைப்பு எல்லாம் அதே பக்கம்தான். மீட்டர் எங்கே, சம்ப் எங்கே, கேட்டுக்கு எந்தப் பக்கம் என்று கோடு போட்டுப் பாருங்கள். அந்தக் கோட்டுக்கு அருகில் கடப்பாரையை ஓங்கிக் குத்தவே கூடாது, கரண்டியாலும் கையாலும் மண்ணை எடுங்கள். எச்சரிக்கை நாடாவோ, வரிசையாகப் பரப்பிய செங்கல்லோ தென்பட்டால் நிறுத்திவிடுங்கள். அதற்குக் கீழே கேபிள் இருக்கும். மழைக்குப் பிறகு பலகை அடுக்கிலும் கொடி மூட்டத்திலும் பூரான், தேள், பாம்பு தங்கும். குச்சியால் தட்டிவிட்டு, உறை போட்ட கையை விடுங்கள்.

சாமான்

கடப்பாரை, மண்வெட்டி, பாண்டு, தூக்குக்குண்டு அல்லது ரசமட்டம், ரம்பம், டிரில் இவை இரவல் கிடைக்கும். வாங்க வேண்டியது முக்கால் இஞ்ச் ஜல்லி, எம் சாண்ட், சிமெண்ட், ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) போல்ட், வாஷர், ஸ்க்ரூ, தார்ப் பூச்சு. கடற்கரை மணல் சும்மா கிடைக்கிறதே என்று கலக்காதீர்கள். அதிலுள்ள உப்பு இரும்பை அரித்துவிடும். காசிமேடு முதல் எண்ணூர் வரை கடல்காற்றே சாதாரண ஆணியைச் சீக்கிரம் தின்றுவிடும் என்பதால் ஜி.ஐ., முடிந்தால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் மட்டும் வாங்குங்கள். பாரிமுனை செம்புதாஸ் தெருப் பக்கத்து ஹார்டுவேர் கடைகளில் அளவு சொன்னால் எடுத்துக் கொடுப்பார்கள்.

இழுக்கக் கயிறு வேண்டும். நைலான் கயிறு பாரம் ஏறினால் நீளும், அறுந்தால் எகிறி வந்து அடிக்கும். தடித்த தேங்காய் நார்க்கயிறு இந்த வேலைக்கு நல்லது.

நிமிர்த்துவது

வேலியில் படர்ந்த கொடியை முதலில் இறக்குங்கள். மழையில் நனைந்த பீர்க்கங்கொடியும் முல்லைப் பந்தலும் தம் பாரத்தாலேயே வேலியைச் சாய்த்திருக்கும்.

கால் தெருப் பக்கம் சாய்ந்திருந்தால், அது திரும்ப வேண்டியது வீட்டுப் பக்கம். ஆகவே காலை ஒட்டி வீட்டுப் பக்கத்து மண்ணைத்தான் எடுக்க வேண்டும். இதைச் செய்யாமல் இழுத்தால் மண் தடுக்கும், கால் தரைமட்டத்தில் முறியும். ஒன்றரை அடி ஆழத்துக்குக் குழி எடுங்கள்; காலின் அடிநுனி தெரிந்தால் இன்னும் நல்லது.

காலின் உயரத்தில் மூன்றில் இரண்டு பங்கில் சாக்குத்துணி சுற்றி, அதன்மேல் கயிற்றை இரட்டையாகப் போடுங்கள். மறுமுனையை ஒரு மரத்திலோ, தள்ளிச் சாய்வாக அடித்து இறக்கிய கடப்பாரையிலோ கட்டுங்கள். மின்கம்பம், குழாய், பக்கத்துச் சுவர் எதிலும் கட்டக் கூடாது. இப்போது இரண்டு கயிற்றுக்கும் நடுவில் ஒரு முழக் கட்டையைச் செருகி முறுக்குங்கள். ஒவ்வொரு முறுக்குக்கும் கயிறு சுருங்கும், கால் அரை அங்குலம், ஒரு அங்குலமாக எழும். தள்ளி நிமிர்த்துவதைவிட இதில் கட்டுப்பாடு அதிகம். நினைத்த இடத்தில் நிறுத்தலாம். கட்டையைக் கை விடாதீர்கள், விட்டால் சுழன்று அடிக்கும். நிறுத்தும்போது அதைக் கயிற்றோடு சேர்த்துக் கட்டிவிடுங்கள்.

வரிசையாக மூன்று கால் சாய்ந்திருந்தால் ஒன்றை முழுக்க நிமிர்த்திவிட்டு அடுத்ததற்குப் போகக் கூடாது. குறுக்குச் சட்டம் முறுகி வெடிக்கும். எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து எழுப்புங்கள். நேர்நிலைக்கு அரை அங்குலம் தாண்டி இழுத்துவிட்டுத் தளர்த்துங்கள். பழகிய சாய்வுக்குத் திரும்பப் பார்க்கும் மரம் சரியாக வந்து நிற்கும். தூக்குக்குண்டை ஒரு முகத்தில் மட்டும் பார்த்துவிட்டு விடாதீர்கள். அடுத்த முகத்திலும் பார்க்க வேண்டும். நேராக வந்ததும் இரண்டு திசையிலும் முட்டுக் கொடுத்து, பாதி ஆணி அடித்து நிறுத்துங்கள். முட்டு நின்ற பிறகுதான் கயிற்றை அவிழ்க்கலாம்.

இளகிய காலுக்கு

மரம் நன்றாக இருந்தால் வேலை சுலபம். குழியில் இருக்கும் சேற்றை அள்ளிவிட்டு, கையளவு உடைத்த செங்கல்லும் ஜல்லியும் மண்ணும் கலந்து நான்கு அங்குலம் போடுங்கள், கடப்பாரையின் தட்டைமுனையால் திமிசு போடுங்கள், பிறகு அடுத்த நான்கு அங்குலம். மொத்தக் குழியையும் நிரப்பிவிட்டு மேலே மட்டும் குத்துவதால் ஒரு பயனும் இல்லை; அடி பொக்காகவே இருக்கும், அடுத்த மழையில் பழைய கதைதான். நன்றாகக் கெட்டித்த கால் ஆள் தள்ளினாலும் அசையாது. காலைச் சுற்றி மண்ணைக் கூம்பாகக் குவித்து விடுங்கள், தண்ணீர் ஓடிவிடும்.

அழுகிய காலுக்கு

நான்கு அடி வேலிக்கு, நான்கு அடி நீள இரும்பு ஆங்கிள் ஒன்று போதும்: இரண்டு அடி மண்ணுக்குள், இரண்டு அடி மேலே. ஐம்பது மி.மீ. அகலம், ஐந்து அல்லது ஆறு மி.மீ. கனம் இருக்கட்டும். வெல்டிங் பட்டறையில் வெட்டும்போதே மேல் இரண்டு அடிக்குள் மூன்று துளை போடச் சொல்லுங்கள். துளை போட்ட பிறகு ரெட் ஆக்சைடு இரண்டு கை, மண்ணுக்குள் போகும் பாகத்துக்கும் அதற்கு மேல் அரை அடிக்கும் தார்ப் பூச்சு. பூசிய பிறகு துளை போட்டால் துரு அங்கிருந்தே தொடங்கும்.

கால் முட்டில் நிற்கும்போதே அழுகிய பாகத்தை, தரைக்கு இரண்டு அங்குலம் மேலே, ரம்பத்தால் அறுத்து எடுத்துவிடுங்கள். நல்ல மரம் தெரியும்வரை அறுக்க வேண்டும். அறுத்த முகத்துக்குத் தாராளமாகப் பூச்சு கொடுங்கள், ஏனென்றால் மரம் தண்ணீரைக் குடிப்பது இந்த முகத்தின் வழியாகத்தான். மண்ணில் இருக்கும் பழைய அடிக்கட்டையைத் தோண்டி எடுங்கள்; விட்டுவைத்தால் கரையானுக்குச் சோறு. வீட்டுப் பக்கமாக ஆங்கிளை ஒட்டி நிறுத்தி, பத்து மி.மீ. போல்ட்டால் முடுக்குங்கள். மரத்தின் பக்கம் பெரிய வாஷர் போடாவிட்டால் போல்ட் தலை மரத்துக்குள் அமுங்கிவிடும். இப்போது மரம் அந்தரத்தில் நிற்கிறது, மண்ணைத் தொடுவது இரும்பு மட்டும்.

திருவொற்றியூர், எண்ணூர் போன்ற கடலோரத்தில் நான் இரும்பைவிடக் கருங்கல் காலையோ, துளையோடு வரும் சிமெண்ட் காலையோதான் சிபாரிசு செய்வேன். கருங்கல்லுக்குத் துருவும் இல்லை, கரையானும் இல்லை. நம் ஊர் வயல்வேலிகளில் கல்கால்கள் எத்தனை காலமாக நிற்கின்றன! பாரம் அதிகம், தூக்க இரண்டு பேர் வேண்டும். சிமெண்ட் காலின் துளையிலேயே போல்ட் போகும். கல்லுக்குத் தடித்த ஜி.ஐ. கம்பியால் மூன்று இடத்தில் இறுக்கிக் கட்டுங்கள்.

கான்கிரீட்

ஆங்கிளுக்கும் கல், சிமெண்ட் காலுக்கும் ஓரடி அகலம், இரண்டடி ஆழம் குழி. அடியில் அரை அடிக்கு வெறும் ஜல்லி, வடிகாலுக்காக. அதன்மேல் ஒரு பங்கு சிமெண்ட், இரண்டு பங்கு எம் சாண்ட், நான்கு பங்கு ஜல்லி. ஒரு மூட்டையில் ஏறக்குறைய நான்கு குழி முடிந்துவிடும். தண்ணீரைத் தாராளமாக ஊற்றினால் கலக்கச் சுகமாக இருக்கும், இறுகிய பிறகு பலம் இருக்காது. கையில் பிடித்தால் உருண்டை நிற்கிற பதம் போதும். குத்திக் குத்தி நிரப்புங்கள். மேல்முகம் தரையைவிட இரண்டு அங்குலம் உயர்ந்து, எல்லாப் பக்கமும் சரிவாக இருக்க வேண்டும். சமமாகவோ குழிவாகவோ விட்டால் காலைச் சுற்றித் தண்ணீர் தேங்கும். ஈரச்சாக்கு போட்டு ஏழு நாள் தண்ணீர் காட்டுங்கள். முட்டுக் கட்டைகளை மூன்று நாளுக்கு முன்னால் தொடக் கூடாது.

மண்ணைப் பொறுத்து ஒரு மாற்றம் உண்டு. தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் கடலோர மணலில் குழி இரண்டரை அடி போகட்டும், கான்கிரீட் அகலமாக இருக்கட்டும். மணலை எவ்வளவு திமிசு போட்டாலும் பிடிக்காது. வியாசர்பாடி, கொடுங்கையூர்ப் பக்கத்துக் களிமண் மழையில் உப்பும், கோடையில் சுருங்கிக் காலைச் சுற்றி விரல் நுழையும் அளவு விரியும். அந்த வெடிப்பில் அடுத்த மழைத்தண்ணீர் நேராக இறங்கும். அங்கே பங்குனி, சித்திரையில் ஒருமுறை வெடிப்பில் ஜல்லித்தூளைக் கொட்டி அடைத்துவிடுங்கள்.

சட்டம், பலகை, கேட்

கால் நின்ற பிறகு சட்டத்தின் பழைய ஆணிகளைப் பிடுங்கிவிட்டு, பழைய துளைக்குப் பக்கத்தில் புதுத் துளை போட்டு ஸ்க்ரூ முடுக்குங்கள். துளை போடாமல் முடுக்கினால் சவுக்கும் காய்ந்த பழைய மரமும் பிளக்கும். சட்டத்தின் நுனி மட்டும் கெட்டிருந்தால், ஓரடி நீளக் கட்டையைப் பின்னால் ஒட்டிப் போல்ட் போட்டால் போதும். பலகைகளின் அடி தரையைத் தொடாமல் இரண்டு அங்குலம் தூக்கி இருக்கட்டும். தொட்டால் அறுத்துவிடுங்கள்.

பலகைக்கும் பலகைக்கும் இடைவெளி விடுங்கள். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் அடித்ததே, அப்படியொரு காற்றில் இடைவெளி இல்லாத வேலி பாய்மரம்போல் காற்றை வாங்கிக்கொண்டு காலைப் பிடுங்கிவிடும். ஒரு அங்குலச் சந்து இருந்தாலும் காற்று கடந்து போகும்.

கேட் மாட்டிய காலுக்குத் தனிக் கவனம் வேண்டும். கேட்டின் பாரம் நாள் முழுக்க ஒரே பக்கம் இழுக்கிறது, பிள்ளைகள் தொங்கி ஆடுவது வேறு. அந்தக் காலுக்கு மட்டும் எப்போதும் கான்கிரீட்தான், மூன்றடி ஆழம். பெரம்பூர்ப் பக்கம் பழைய ரயில்வே ஸ்லீப்பர் கட்டையைக் கேட் காலாக நட்டிருந்தால், சாய்ந்தாலும் அதை எடுத்துவிடாதீர்கள். மரம் கெடாமலிருக்கக் கிரியோசோட் என்ற தார் எண்ணெய் ஏற்றிய அந்தக் கட்டை பெரும்பாலும் உள்ளே கெட்டியாகவே இருக்கும். நிமிர்த்தி, சுற்றிலும் கான்கிரீட் போட்டால் போதும். அறுத்தால் தூளை மூச்சில் இழுக்காமல், உறை போட்டுச் செய்யுங்கள், துண்டுகளை அடுப்பில் எரிக்காதீர்கள்.

பூச்சு

மெக்கானிக் கடையில் கிடைக்கும் பழைய என்ஜின் ஆயிலை வேலிக்கால்களுக்கு ஊற்றுவது வழக்கமாக இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். நம் பகுதியில் நிலத்தடி நீர் மேலேயே இருக்கிறது, பக்கத்திலேயே கைப்பம்பும் கிணறும் இருக்கின்றன. அந்த எண்ணெய் அங்கேதான் போய்ச் சேரும். மண்ணுக்கு அருகில் தார்ப் பூச்சு, மேலே ஆளி விதை எண்ணெய் அல்லது வுட் பிரைமரும் எனாமல் பெயின்டும் போதும். முந்திரிக் கொட்டையின் ஓட்டிலிருந்து எடுக்கும் எண்ணெயைப் பூசுவது படகு மரத்துக்குப் பழைய வழக்கம். வேலிக்கும் அது நன்றாகவே உதவும், ஆனால் தோலில் பட்டால் கொப்பளிக்கும், கையுறை இல்லாமல் தொடாதீர்கள். எதைப் பூசினாலும் மரம் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். ஈரமரத்துக்குப் பூசினால் ஈரம் உள்ளே மாட்டிக்கொள்ளும்.

காலின் தலையைச் சமமாக விடாமல் சரிவாகச் சீவி, அந்த முகத்துக்கு இரண்டு கை பூச்சு கொடுங்கள், அல்லது தகரத்துண்டை மடித்து மூடுங்கள்.

அதன் பிறகு வருடத்தில் ஒரு காலைப்பொழுது ஒதுக்கினால் போதும். புரட்டாசியில், மழை தொடங்குமுன், கால்களின் அடியில் சேர்ந்த குப்பை, சருகு, மண்ணை விலக்கி, கரையான் மண்குழாய் தெரிந்தால் சுரண்டிவிட்டு, போல்ட்டுகளை ஒரு சுற்று முடுக்கி, அதே ஸ்க்ரூ டிரைவரால் ஒவ்வொரு காலையும் ஒருமுறை குத்திப் பாருங்கள்.